சிக்கு என்னும் சொல்

திருச்சிற்றம்பலம்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டுக் கழிக்கு அப்பால், கடலோரத்தே அமைந்துள்ள ஊர் கோவளம். கடல்மேற் சென்று மீண்ட வலைஞர் தம் வலைகளை மணலில் விரித்து, கண்கண்ணாக ஆராய்ந்து சிக்கெடுத்தலை அங்குக் காணலாம். அவ்வூர்த் தெருக்களில், தமிழகத்துப் பிறவூர்களிற்போலவே, மகளிர் வைகறையில் வாயில் தெளித்துப் புள்ளி வைத்து இடுங் கோலங்களுள் ஒருவகைக்குச் சிக்குக்கோலம் என்று பெயர். கடற்கரையில் சிக்கு என்பது எடுத்து நீக்கப்படுவது. வாயிலிற் சிக்கு என்பது விரும்பி இடப்படுவது. ஒரு சொல் ஓரூரிலேயே நீக்கற்குரியதற்கும் ஆக்கற்குரியதற்கும் பெயராய் நிற்றல் வியப்பைத் தருவதாம். அவ்வியப்புச் சொல்லளவில் முடிவதன்று. பசு பாசத்திற் கட்டுண்டு கிடத்தலும், பதியைப் பற்றி அக்கட்டு நீங்குதலும் ஆகிய சித்தாந்தப் பொருளின் நடுவிடத்தை அது தொடுகின்றது. ஆதலின் அச்சொல்லின் வரலாறும், அதன்வழிப் போந்த உருவகப் பொருள்களும் ஈண்டு ஆராயப்படும்.

புகுந்தவர் மீளும் வழியறியாது மயங்குமாறு வளைந்து வளைந்து செல்லும் நெறிகளையுடைய அமைப்பினை மேலைநாட்டார் 'லாபிரிந்த்' என்பர். அப்பெயர் கிரேக்கமொழியினின்றும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பரவியது; கிரேக்கர்க்கும் முற்பட்டார் ஒருவர் மொழியினின்று கிரேக்கத்திற் புகுந்ததென்று மொழிநூலார் பலர் கருதுவர். கிரீட் தீவத்துக் கினோசஸ் நகரிற் கிடைத்த களிமண் ஏடுகளின் எழுத்து 1952-ஆம் ஆண்டில் மைக்கேல் வெண்ட்ரிஸ் என்பவராற் படித்தறியப்பட்டது. அவ்வேடுகளுள் ஒன்று, லாபிரிந்தின் தலைவியாகிய ஒரு தெய்வத்திற்குத் தேன் படைத்த கணக்கினைக் குறிக்கின்றது என்பர். ஆகவே மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே அச்சொல் வழிபாட்டொடு தொடர்புற்றிருந்தமை பெறப்படும். கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டினராகிய ஹெரோடோட்டஸ், எகிப்து நாட்டில் 3000 அறைகளையுடைய ஒரு பெருங்கட்டடத்தை இப்பெயராற் சுட்டி, அவற்றுட் பாதி நிலத்தின்மேலும் பாதி நிலத்தின்கீழும் இருந்தன என்று எழுதினார். பிற்காலத்து உடற்கூற்று நூலார் செவியின் உட்புறத்தே சுருண்டு கிடக்கும் உறுப்பிற்கும் இதனையே பெயராக வைத்தனர். வழக்கின்கண் அது தெளிவின்றிப் பின்னிக்கிடக்கும் சட்டம், வாதம், வாழ்க்கை முதலிய எல்லாவற்றிற்கும் உருவகமாயிற்று.

அவ்வமைப்புப் பற்றிய கதை உலகறிந்தது. கிரீட் தீவத்து மன்னனாகிய மைனாஸ், எருத்துத் தலையும் மனித உடலுமுடைய ஒரு கொடிய விலங்கினை அடைத்து வைத்தற்பொருட்டு, டெடலஸ் என்னும் தச்சனைக்கொண்டு அம்மனையை எடுப்பித்தான். அவ்விலங்கிற்கு இரையாகச் சென்றாரொடு வந்த தீசியஸ் என்னும் வீரனுக்கு, மன்னன் மகள் அரியாட்னி ஒரு நூலுருண்டையைக் கொடுத்தாள். அவன் நூலை வாயிலிற் கட்டி, அவிழ்த்துக்கொண்டே உட்சென்று, விலங்கினைக் கொன்று, நூலைப் பற்றிக்கொண்டே மீண்டான். ஆங்கிலத்தில் துப்பினைக் குறிக்கும் 'க்ளூ' என்னும் சொல் முற்காலத்தில் நூலுருண்டையையே குறித்தது. இக்கதையின் வாயிலாகவே அதற்கு வழிகாட்டுங் குறிப்பு என்னும் பொருள் வந்தது. இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மேலைநாட்டார் கருத்தில் மயக்கந் தருவது சுவர், மீட்டுத்தருவது நூல். இரண்டும் வெவ்வேறு பொருள்கள். தமிழர் கருத்தோ இதனின் வேறுபட்டது. அது பின்னர் விளங்கும்.

இன்னுமொன்று. கிரீட் தீவத்துப் பழங்காசுகளிற் பொறித்த வடிவத்தை நோக்கின், கிளைவழி ஒன்றும் அதன்கண் இல்லை. ஏழு சுற்றாக வளைந்து நடுவிடத்திற் சென்று முடியும் ஒரே வழியே உள்ளது. அதனுட் புகுந்தவன் வழிதவற இடமில்லை. நடத்தலை விடாதிருப்பின் நடுவினை அடைந்தே தீர்வான். ஆயினும் மேலிருந்து நோக்குவார்க்கு அது பெருமயக்கமாகவே தோன்றும். நடக்குமிடத்தும், நடுவினை அணுகியதுபோலத் தோன்றி அகலுதலும், அகன்றதுபோலத் தோன்றி அணுகுதலும் உளவாம். பலவழி கிளைத்து மயக்குவது ஒன்று, ஒருவழியே பலகால் வளைந்து மயக்குவது மற்றொன்று என இவ்வமைப்பு இருவகைத்தாதலை மனத்திற் கொள்க. பிரெஞ்சு நாட்டுச் சார்த்தர் பேராலயத்துத் தளத்தில் 13-ஆம் நூற்றாண்டிற் கல்லிற் பதித்த வடிவமும் இரண்டாம் வகையினதே.

பாரதநாட்டில் இவ்வகை வடிவம் பாரதக் கதையொடு சார்த்தி வழங்கப்பட்டது. பதின்மூன்றாம் நாட் போரிலே துரோணர் வகுத்த சக்கர வியூகத்துட் புகும் நெறியை அபிமன்னு அறிவான். மீளும் நெறியை அறியான். பின்றொடர்ந்து வருவோம் என்று உறுதி கூறிய தருமனும் வீமனும் சயத்திரதனால் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். புகுந்தவன் தமியனாய் மடிந்தான். கருநாடக நாட்டு ஹளேபீடில் 12-ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பெற்ற ஹொய்சளேசுவரர் திருக்கோயில் சிவாலயமாகும். அதன் புறச்சுவரிற் பாரதப்போர் செதுக்கிய இடத்தில் இவ்வியூகம் சுருள்சுருளாக வளைந்த வழியுடையதாய்க் காட்டப்பட்டிருக்கின்றது. வினையின்கண் புகும் வழியை ஆன்மா யாரும் கற்பியாமலே அறியும். மீளும் வழியை அறியாது. உடன்வருவோம் என்ற சுற்றத்தாரும் வாயிலளவினராவர். சிவபெருமான் ஆலயச் சுவரில் அக்காட்சி அமைந்தமை வழிபடச் செல்வார்க்கு இவ்வுண்மையை நினைவூட்டுவதாம்.

தமிழகத்தில் தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர்ப் பகுதியில் கற்களை வரிசையாக வைத்து அமைத்த இத்தகைய சுற்றுவழி ஒன்றுண்டு. பொள்ளாச்சியை அடுத்த கெடிமேட்டிற் சதுரவடிவினதாகிய மற்றொன்றுண்டு. பொதுமக்கள் இவ்வடிவினை ஏழுசுற்றுக் கோட்டை என்பர். அதனுட் சென்று நடுவினை அடைந்து மீளின் எண்ணியது கைகூடும் என்பது அவர் நம்பிக்கை. கிரேக்கர் மனையெனக் கண்டதனையும் வடநூலார் படையெனக் கண்டதனையும் தமிழ்மக்கள் கோட்டையெனக் கண்டனர் என்க.

இக்கருத்துத் தமிழ்ச் செய்யுளினும் இடம்பெற்றது. எழுகூற்றிருக்கை என்பது சித்திரகவிகளுள் ஒன்று. ஒன்று, ஒன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று இரண்டு ஒன்று என இவ்வாறு எண்கள் ஏறியும் இறங்கியும் ஏழளவும் சென்று மீளுமாறு பாடுவது அது. யாப்பிலக்கணத்திற்குப் பழைய உரைகண்டோர் அதன் பெயர்க்காரணங் கூறுமிடத்து, சிறுவர் ஏழு அறை வகுத்துக்கொண்டு அவற்றுட் புகுந்தும் போந்தும் ஆடும் விளையாட்டினை உவமையாக எடுத்துக் காட்டினர். அங்ஙனமாயின், அறைகளுட் புக்கு மீளும் ஆட்டம் ஒன்று பண்டைத் தமிழ்ச் சிறுவர்க்கு உரியதாயிருந்தது என்பது போதரும். சைவ உலகிற்கு இதன்கண் ஒரு தனிச்சிறப்புண்டு. சிறுவர் ஆட்டத்தின் பெயர்பெற்ற அச்செய்யுளைச் சீகாழியில் தம் திருப்பெயரொடு பொருந்தப் பாடியருளியவர் சிறுபிள்ளையாராகிய திருஞானசம்பந்த சுவாமிகள். முதற் றிருமுறையில் உள்ள அத்திருப்பதிகம் காழியின் பன்னிரு திருப்பெயர்களையுங் கோத்து நடப்பது. எண்களின் ஏற்ற இறக்கத்துட் புகுந்து மயங்குவார்க்கு அது சிக்கு. ஓதி வழியறிந்தார்க்கு அது துதி.

கோட்டை என்னும் பெயர் ஒருபுறம் நிற்க. கோவளத்திலும் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு கோட்டை இருந்தது. 1752-ஆம் ஆண்டில் கிளைவ் என்பான் படையொடு வந்து அதனைக் கைப்பற்றினான். பின்னர் அது இடிபட்டொழிந்தது. கோட்டை எத்துணை வலியதாயினும் வன்மையால் வெல்லப்படும். சிக்கோ அத்தன்மையதன்று, வன்மையாக இழுக்குந்தோறும் இறுகும். சுவரால் ஆகிய மயக்கத்திற்கும் இழையால் ஆகிய மயக்கத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. வழிமயக்கத்தைக் குறிக்கத் தமிழ்மக்கள் நாடோறும் ஆளுஞ் சொல் சுவரினின்று பிறவாது இழையினின்று பிறந்தது. அதுவே சிக்கு என்பது.

சிக்குதல் என்னும் வினை அகப்படுதல், மாட்டிக்கொள்ளுதல் என்னும் பொருட்டு. வலையில் மீன் சிக்கும். முள்ளில் ஆடை சிக்கும். அதனடியாகப் பிறந்த சிக்கு, சிக்கல் என்னும் பெயர்கள் முதற்கண் நூலும் மயிரும் பின்னிக்கொண்ட நிலையைக் குறித்தன. சிக்கெடுத்தல், சிக்கறுத்தல் என்பன அப்பின்னலை நீக்குதலாம். உருவகமாக விரிந்தவிடத்து வழக்கு, கடன், உறவு, அரசியல் முதலிய எவற்றின்கண்ணும் எளிதில் தீராத நிலையைச் சிக்கல் என்ப. இக்காலத்து நாளிதழ்களில் இடர்ப்பாடு யாதாயினும் அது சிக்கல் என்னும் ஒரு சொல்லாலேயே எழுதப்படுகின்றது. அவ்வாட்சியின் மிகுதியால் அச்சொல்லின் மற்றொரு பாதி மறைந்துவிட்டது.

மறைந்த பாதி யாதெனின், இறுகப் பற்றுதல் என்னும் பொருளாம். சிக்கென என்பது உறுதியாக, நெகிழாது என்னும் பொருள்தரும் குறிப்புச்சொல். கைப்பொருளை வீணே நெகிழவிடாது பிடித்தலைக் குறிக்கும் சிக்கனம் என்பதும் இக்குடும்பத்ததாகவே கொள்ளத்தகும். மடங்களிலும் ஓதுவார் இல்லங்களிலும் திருமுறை ஏடுகளை வைத்து ஓதுதற்குப் பயன்படுங் கருவிக்குச் சிக்குப்பலகை என்று பெயர். பலகை இரண்டும் ஒன்றினுள் ஒன்று சிக்கி நிற்றலாலேயே அது விரிந்து நூலைத் தாங்குகின்றது; சிக்கு நீங்கின் நூல் நிலத்தில் வீழும். ஆகவே சிக்கு என்பது கட்டு என்னும் இழிபொருளொடு, தாங்குதல் என்னும் உயர்பொருளும் உடைத்தாதல் அறிக. நெகிழாத பிணிப்பு என்பதே இரண்டிற்கும் பொதுவாகிய வேர்ப்பொருள். பிணிப்பது எது, பற்றப்படுவது எது என்பதனால் அது தீமையாகவும் நன்மையாகவும் ஆகின்றது.

சிக்குக்கோலம் இவ்விருபொருளையும் ஒருங்கே கண்ணிற்குக் காட்டுவது. புள்ளிகளை நிரலாக வைத்து, அவற்றைத் தொடாது சுற்றிவளைத்துச் செல்லும் கோட்டினால் அமைவது அது. பல கோடுகள் தம்முட் பின்னி முடிவனவும் உண்டு. ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையுஞ் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிவனவும் உண்டு. பின்னதே சிறப்புடையதாக மகளிரால் மதிக்கப்படும். பிரமமுடி என்று பெயர் வழங்குங் கோலமும் இவ்வகையைச் சார்ந்தது. ஜான் லேயர்ட் என்னும் மானிடநூல் அறிஞர் 1937-ஆம் ஆண்டில், தென்னாட்டு வாயிற்கோலங்களையும் பச்சைகுத்தும் வடிவங்களையும் லாபிரிந்தின் இனமாக வைத்து ஒரு கட்டுரை வரைந்தார். அவர் முன்னர்ப் பசிபிக்குப் பெருங்கடலில் மலேக்குலா என்னும் தீவத்தில் தங்கி ஆராய்ந்தவர். அத்தீவு 1980-ஆம் ஆண்டில் விடுதலைபெற்ற வனுவாட்டு நாட்டின் பகுதியாகும். அங்குள்ளார் மணலில் விரலெடாது ஒரே கோட்டாற் சித்திரம் வரையுங் கலையுடையர். இறந்தவன் உயிர் மறுமையுலகிற்குச் செல்லும் வழியில் ஒரு காவற்பூதம் அத்தகைய சித்திரத்தை வரைந்து பாதியை அழித்துவிடும். அப்பாதியை நிரப்ப வல்ல உயிரே அப்பாற் செல்லும். வல்லாதது உண்ணப்படும் என்பது அவர் கொள்கை. பின்னல்வடிவம் வாயிலை அடைப்பதுமாம், அறிந்தார்க்குத் திறப்பதுமாம் என்னுங் கருத்து இருகடற்கு அப்பாலும் இருந்தமை இதனாற் பெறப்படும்.

லேயர்ட் எழுதிய அவ்வாண்டிலேதான் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரினின்று தாம்பரத்திற்குப் பெயர்ந்து வந்தது. அக்கல்லூரிப் பேராசிரியராய் விளங்கிய கிப்ட் சிரோமணி (1932–1988) கணிதத்திலும் கல்வெட்டாராய்ச்சியிலும் வல்லுநர். மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடையணிகளை ஆராய்ந்து நூல் எழுதியவர். அவர் இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்பாரொடு சேர்ந்து, கோலங்கள் பிறக்கும் முறைக்கு ஓர் இலக்கணம் வகுக்கலாகும் என்று 1974-ஆம் ஆண்டிற் காட்டினார். சில முதல்வடிவங்களும் சில விதிகளும் அறிந்தால் எத்துணைப் பெரிய கோலத்தையும் வழுவின்றி ஆக்கலாம் என்பது அவ்வாராய்ச்சியாற் போந்த பயன். காண்பார்க்குச் சிக்காகத் தோன்றுவது இடுவார்க்கு விதிவழிப்பட்ட நெறியே என்பது இதனால் வலியுறுகின்றது. ஏட்டறிவில்லாத மூதாட்டியின் கை அவ்விலக்கணத்தைக் கல்லாமலே உடையதாயிருந்தது என்பதும் நினைக்கத்தக்கது.

இனி, இவ்வுவமையைச் சித்தாந்தத்திற் பொருத்திக் காண்பாம் எனின், ஒரு தடை நிகழும். ஆணவமலம் செம்பிற் களிம்புபோல ஆன்மாவை அநாதியே பொருந்திநிற்பது. சிக்கோ நூலிற்குப் பின்னர் நேர்ந்தது. புள்ளியைத் தொடாத கோடும் அத்தன்மையது. ஆகவே பாசத்தைச் சிக்கு என்றல் யாங்ஙனம் பொருந்தும் என்பது தடை. அதற்கு விடை வருமாறு: பாசம் ஒருபடித்தன்று. ஆணவம் இருள், அதற்குச் சிக்கு உவமையாகாது. தனு, கரணம், புவனம், போகம் என விரிந்து ஆன்மாவைச் சூழும் மாயையும், பிறவிதோறும் தொடர்ந்து முன்வினை பின்வினைக்கு வித்தாக வளைந்து செல்லும் கன்மமுமே சிக்கு எனப்படுதற்குரியன. இருண்ட மனையில் இருள் வேறு, வளைந்த வழி வேறு. இருளை வழியென்றும் வழியை இருளென்றும் மயங்குதல் கூடாது.

அங்ஙனம் வேறுபடுத்தவே பேருண்மை ஒன்று தோன்றுகின்றது. இருள் தானே நீங்காது; வழியில் நடத்தலே அதனை நீக்குதற்கு வாயில். மாயை இரவில் ஏற்றிய விளக்குப்போல ஆன்மாவின் அறிவைச் சிறிது விளக்குவது என்றும், கதிரவன்போலும் ஞானம் வருமளவும் அது வேண்டப்படும் என்றும் நூல்கள் கூறும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், ஆடையின் அழுக்கைப் போக்குவான் சாணமும் உவரும் அதன்கண் மேலும் சேர்த்தலை உவமையாகக் காட்டி, உடல் கரணம் முதலியன தாமும் மலமாயினும் மூலமலத்தைக் கழுவுதற்பொருட்டே இறைவனாற் கூட்டப்பட்டன என்று விளக்கினார். ஆகவே வாழ்வின் சிக்கு இறைவன் செய்த வஞ்சனையன்று. ஆன்மாவின் நன்மை கருதி இடப்பட்ட கோலமே. துன்பத்தின் நடுவே நிற்பான் ஒருவற்கு, அகப்பட்டுக்கொண்டேன் என்று எண்ணுதற்கும், நடத்தப்படுகின்றேன் என்று எண்ணுதற்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னது தளர்வைத் தரும்; பின்னது வழிபாட்டிற் செலுத்தும்.

இதற்குத் தக்க சான்று திரோதானம் பற்றிய கொள்கையாகும். ஐந்தொழிலுள் மறைத்தலைச் செய்வது இறைவன் சத்தியே. அது மலத்தைத் தொழிற்படுத்தலின் தானும் மலம் என உபசரித்துச் சொல்லப்படும். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஐந்தெழுத்தின் பொருள் கூறுமிடத்து, ஆன்மாவின் ஒருபுறத்தில் சிவமும் அருளும், மறுபுறத்தில் திரோதமும் மலமும் நிற்க, ஆன்மா நடுவே நிற்பதாகக் காட்டினார். மலம் பரிபாகம் எய்தியவழி, மறைத்து நின்ற அச்சத்திதானே அருட்சத்தியாய்ப் பதியும். அதுவே சத்திநிபாதம் எனப்படும். மறைத்ததும் ஒன்றே, விளக்கியதும் அவ்வொன்றே. கிரேக்கக் கதையில் மயக்கிய சுவர் வேறு, மீட்ட நூல் வேறு. சைவநெறியிலோ பின்னிய இழைதானே மீட்கும் இழையுமாகும். தமிழ்மொழி மயக்கத்தையும் உறுதிப்பற்றையும் சிக்கு என்னும் ஓரடியினின்றே பெயர்பெறச் செய்தமை இவ்வுண்மையொடு பெரிதும் பொருந்துகின்றது.

மாணிக்கவாசக சுவாமிகள் இச்சொல்லை ஆண்ட இடம் பிடித்தபத்து. திருத்தோணிபுரத்தில் அருளிச்செய்யப்பெற்றதாய், முத்திக் கலப்புரைத்தல் என்னும் கருத்துடையதாய் விளங்கும் அப்பத்தில், ஒவ்வொரு திருப்பாட்டிலும் சிக்கென என்னும் சொல் தவறாது வருகின்றது. முத்தியைக் கூற வந்தவிடத்து, எல்லாவற்றையும் விட்டு நீங்கினேன் என்று கூறாது, இறுகப் பற்றினேன் என்பதனையே அடிகள் பன்முறை வற்புறுத்தியமை உய்த்துணரற்பாலது. பற்றறுதல் என்பது கை வெறிதாதலன்று. பற்றத்தக்கதனைப் பற்றுதலாற் பிற தாமே கழலுதலாம். திருத்தோணிபுரம் சீகாழியின் திருப்பெயர்களுள் ஒன்று. ஏழறை ஆட்டத்தின் பெயர்பெற்ற செய்யுளால் ஆளுடைய பிள்ளையார் புகுந்தும் போந்தும் பாடிய அவ்வூரிலேயே, ஆளுடைய அடிகள் இறைவனை நெகிழாது பற்றினார். சிக்கின் இரு பொருளும் ஒருபதியிற் சந்தித்தன எனலாம்.

இப்பற்று ஒருபுறத்தது மட்டுமன்று. நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கல் என்னும் திருத்தலம் திருஞானசம்பந்த சுவாமிகளாற் பாடப்பெற்றது. சிங்காரவேலர் சந்நிதியால் எங்கும் அறியப்பட்டது. அதன் பெயர்க்குத் தலபுராணங் கூறுங் காரணம் வருமாறு: காமதேனுவின் பாலினின்று திரண்ட வெண்ணெயைக்கொண்டு வசிட்ட முனிவர் இலிங்கம் அமைத்து வழிபட்டார். வழிபாடு முடிந்தபின் அதனைப் பெயர்த்தெடுக்க முயன்றபோது அது பெயராது அவ்விடத்தே சிக்கிக்கொண்டது. அதனால் ஊர் சிக்கல் எனவும், பெருமான் வெண்ணெய்நாதர் எனவும் பெயர்பெற்றனர். கைப்பட்டவுடன் உருகும் வெண்ணெயே பெயர்க்கலாகாத பொருளாயிற்று. அன்பினால் உருகியவிடத்து இறைவன் தானே சிக்கிக்கொள்வான் என்பது அத்தலம் உணர்த்தும் பொருளாம். உலகர் வாயில் இடர்ப்பாட்டின் பெயராய் வழங்குஞ் சொல், சைவர்க்கு இறைவன் எழுந்தருளிய ஊர்ப்பெயர் என்பதை மறத்தலாகாது.

வலைஞர்தம் வாழ்வொடும் இப்பொருட்குத் தொடர்புண்டு. உமையம்மையார் வலைஞர் மகளாய் வளர்ந்த காலத்து, இறைவன் தானே வலைஞனாய் வந்து வலை வீசிச் சுறாவாய்த் திரிந்த நந்திதேவரைப் பிடித்தருளினன் என்று பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்து விரித்துரைத்தார். அவனே பத்தியாகிய வலையில் தான் அகப்படுபவன் என்று திருவாசகத்துத் திருவண்டப்பகுதி போற்றும். வலைவீசுவானும் அவனே, வலைப்படுவானும் அவனே. நாகை நுளைப்பாடியிற் றோன்றிய அதிபத்த நாயனார், நாடோறும் வலைப்பட்ட மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டு, வறுமை வந்த காலத்தும் அந்நெறி வழுவாது, பொன்மீனே கிடைத்த நாளிலும் அதனையும் அங்ஙனமே விட்டார். கையினின்று மீனை விட்டவர் இறைவன் திருவடியை விட்டிலர். விடுதலும் பற்றுதலும் ஒரு செயலின் இருபுறமாதற்கு அவர் வாழ்வே விளக்கமாயிற்று.

சிக்கெடுப்பார் செய்யுந் தொழிலை ஊன்றி நோக்கின், இதுகாறுங் கூறியவை ஒருங்கே விளங்கும். வலையிற் பின்னிய இடத்தைக் கண்டதும் அதனை வெட்டி எறிவார் இல்லை. வெட்டின் வலையே கெடும். சினந்து இழுப்பாரும் இல்லை. இழுப்பின் முடிச்சு இறுகும். மிதப்புக் கட்டிய மேற்கயிற்றை ஒருவர் நெகிழாது பற்றிக்கொள்ள, மற்றவர் அதனையே எல்லையாகக்கொண்டு கண்கண்ணாகப் பிரித்துச் செல்வர். பற்றிய கயிறு நழுவின் அதுவரை செய்த தொழில் வீணாகும். சிக்கு நீங்குதற்கு முதற்கண் வேண்டுவது சிக்கெனப் பற்றும் ஒரு கை என்பதனைக் கோவளத்து வலைஞர் கல்லாமலே அறிவர். ஆன்மாவுக்கு அவ்வாறு பற்றத்தக்க மேற்கயிறு திருவைந்தெழுத்தே. அதனைப் பற்றிநிற்பார்க்கு வாழ்வின் சிக்கு, வைகறையில் வாயிலில் இட்ட கோலம்போல, தொடங்கிய இடத்திலேயே வந்து இனிது முடியும்.

திருச்சிற்றம்பலம்